தரை தொடாத பந்தும் பத்தாவது வாக்கெடுப்பும்

எங்கள் ஆலங்கரையில் ஒரு பூப்பந்து முப்பத்தொரு வருடமாகக் கீழே இறங்காமல் வானத்தில் நிற்கிறது. அது ஊருக்குப் பழகிப்போன விஷயம், அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதுகூட இல்லை, பேசித் தீராத சண்டை எல்லாம் மங்கையர்க்கரசியின் படத்தைப் பட ஹாலில் மாட்டலாமா கூடாதா என்பதுதான். அந்தச் சண்டையில் ஒன்பது வருடம் தோற்று, பத்தாவது வருடம் ஜெயித்து, ஜெயித்த அன்றைக்கே மூக்குடைபட்டவன் நான். என் பெயர் தட்சிணாமூர்த்தி, வேலை தபால் ஆபீசில், உயிர் மைதானத்தில்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் ஆலங்கரை, எதிர்ப்பக்கம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கீழச்செறுவை. பூப்பந்து தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த, எலுமிச்சம்பழ அளவுப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, பந்து தரையில் விழாமல் மட்டையால் திருப்பி அடிக்கவேண்டும், அப்படி விடாமல் மாறி மாறி அடிப்பதற்கு ரேலி என்று பெயர், இருபத்தொன்பது பாயிண்ட் எடுத்தால் செட். மூன்றாவது செட்டில் நாங்கள் இருபத்தெட்டு, அவர்கள் இருபத்தேழு, சர்வீஸ் எங்களுடையது, ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் பிலோமினா மட்டையைக் கீழிருந்து வீசி தலைக்கு மேலே உயரமாக ஒரு லாப் தூக்கினாள். அந்தப் பந்து வலையைத் தாண்டி, வேலியோரத்து நெட்டிலிங்க மரத்தைத் தாண்டி, குடிதண்ணீர்த் தொட்டியின் உயரத்துக்குப் போய், கீழச்செறுவையின் பின்வரிசைக்காரி மங்கையர்க்கரசியின் தலைக்கு நேர் மேலே வந்து, அப்படியே நின்றது.

சனங்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு கழுத்து வலித்து டீ குடித்தார்கள், பிறகு மறுபடி பார்த்தார்கள். நடுவர் அந்தோணிசாமி உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு தடவை படித்துவிட்டு, "பந்து தரையைத் தொடல, வலையைத் தொடல, ஆள் மேல படல. ரேலி உயிரோட இருக்கு. ஒருத்தரும் நகரக்கூடாது" என்றார். இருட்டத் தொடங்கியதும் புத்தகத்தை மூடி, "வெளிச்சம் போயிடுச்சு, இன்னிக்கு இவ்வளவுதான். நாளைக்கு நாலரைக்கு அவங்கவங்க நின்ன இடத்துல வந்து நில்லுங்க" என்றார். அதற்கப்புறம் அவர் ஒன்பது வருடம் உயிரோடிருந்தார், ஒரு நாளும் விசில் ஊதவில்லை, விசிலைச் சட்டைப்பையில் வைத்தே அவரைப் புதைத்தோம், ஆகையால் அவர் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் பூமியில் எவருக்கும் இல்லாமல் போயிற்று.

ஊர் என்ன செய்யும்? ஊர் தன் வேலையைப் பார்த்தது. தீயணைப்பு வண்டி வந்தது. ஏணியை எவ்வளவு நீட்டினாலும் பந்துக்கு நாலு முழம் குறைந்தது, இன்னொரு ஏணியைச் சேர்த்துக் கட்டினார்கள், அப்போதும் நாலு முழம்தான் குறைந்தது, அவர்கள் ஏணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சிவன் கோயில் குருக்களும் மாதா கோயில் சாமியாரும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் தனித்தனியாக வந்து பார்த்து, மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல, அதை யாரும் தொந்தரவு செய்யவேண்டாம் என்று ஒரே சொல்லாகச் சொன்னார்கள். மின்வாரியம் கம்பியை வளைத்துக் கொண்டுபோனது. பஸ் நின்று போகும் இடத்துக்குப் பந்தடி என்று பெயர் வந்தது. மனை விற்பவர்கள் பந்துக்குக் கிழக்கே, பந்துக்கு வடக்கே என்று விளம்பரம் போட்டார்கள். கல்யாணமான ஜோடிகள் அது தங்கள் விரல்களுக்கு நடுவில் இருப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அப்படி எடுக்காத ஜோடிக்கு ஏதோ குறை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் பந்து ஊறி, மழை விட்டபின்பும் மூன்று நாள் மஞ்சளாகச் சொட்டும். கஜா புயலில் ஊரின் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்தன, பந்து ஒரு விரற்கடைகூட நகரவில்லை, மறுநாள் காலையில் கூரை இழந்தவர்கள்கூட முதலில் மைதானத்துக்கு வந்து மேலே பார்த்துவிட்டுத்தான் கூரையைத் தேடப் போனார்கள்.

முதல் மாதம் பத்து ஆட்டக்காரிகளும் தவறாமல் வந்தார்கள். முதலில் கழன்றுகொண்டது எங்கள் பக்கம்தான்: விழுந்தால் அவர்கள் பக்கம் விழப்போகிறது, பாயிண்ட் நமக்கு, கோப்பை நமக்கு, நாம் எதற்குக் கால் கடுக்க நிற்கவேண்டும் என்று ஊரே சொல்லிற்று. அந்த வருடமே பிலோமினாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துத் திருச்சிக்குப் போனாள். கீழச்செறுவைப் பக்கத்தில் ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்தி சிங்கப்பூர் போனாள், ஒருத்திக்கு இடுப்பு போயிற்று, ஒருத்தி காரணம் சொல்லாமலே நின்றுவிட்டாள். மூன்றாவது வருடத்தில் மங்கை மட்டும் மிச்சம்.

மங்கை அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். மூன்றரைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டி, மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, நாலே காலுக்குப் பந்தடியில் இறங்கி, செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, இடது பின்மூலையில் மட்டையோடு நிற்பாள். வெயில் வந்தது, மங்கை வந்தாள். மழை வந்தது, மங்கை வந்தாள். வயிற்றில் பிள்ளை வந்தது, அப்போதும் ஏழாம் மாதம்வரை மங்கை வந்தாள், அதற்குப்பின் நாலு மாதம் அவள் நாத்தனார் வந்து நின்றாள், மாற்று ஆட்டக்காரி என்று நானே ஸ்கோர் தாளில் எழுதிக்கொண்டேன். ஊரடங்கின்போது பாலத்தில் மறித்த போலீஸ்காரர் எதற்கு வெளியே வந்தாய் என்று கேட்க, "ரேலி முடியல சார்" என்றாள், அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார். பந்து மட்டும் வரவில்லை.

பதினாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் பூப்பந்துக் கழகத்தின் மாடியில் பட ஹால் திறந்தோம். ஆலங்கரை மைதானத்தில் ஆடியவர்களில் தலைசிறந்தவர்களின் படம் அங்கே தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை, காணும் பொங்கலன்று, முப்பத்திரண்டு உறுப்பினர்கள் மண்பானையில் நூல் போடுவோம்: வேண்டும் என்றால் பழைய பந்திலிருந்து அறுத்த மஞ்சள் நூல், வேண்டாம் என்றால் கறுப்பு நூல். நாலில் மூன்று பங்கு மஞ்சள் விழவேண்டும், அதாவது இருபத்துநாலு. ஒரு பெயர் பத்து வருடம் பானைக்கு வரலாம், பத்திலும் தேறாவிட்டால் அந்தப் பெயரை அப்புறம் எடுக்கவே கூடாது. பிலோமினா முதல் வருடமே முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு வாங்கித் தேர்வானாள். இறங்காத பந்தை அடித்தவள், பிறகு தேசிய அளவில் ஆடியவள், எங்கள் ஊர்ப் பெண், யார் கறுப்பு போடுவான்?

சில வருடம் கழித்து மங்கையின் பெயரை நான் முதன்முறை முன்மொழிந்தபோது சிரித்தார்கள். அந்த வருடம் அவளுக்கு விழுந்தது மூன்று மஞ்சள், அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று தவறிப் போட்டது என்று போட்டவனே பிறகு சொன்னான்.

எதிர்ப்புக்குத் தலைவன் மெடிக்கல் கலியமூர்த்தி. மருந்துக்கடையில் மாத்திரைச் சீட்டின் பின்பக்கமெல்லாம் ஆட்டக்காரர்களின் பாயிண்ட் கணக்கை எழுதி வைத்திருப்பவன், ஊரில் யார் எந்த வருடம் எத்தனை ஸ்மாஷ் அடித்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அவன் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"இத்தனை வருஷத்துல எத்தனை பந்து தொட்டா? சைபர். சைபருக்கு எவனாவது ஃபிரேம் போடுவானா?"

"பின்வரிசைக்காரி வேலை என்ன? பந்து வர்ற எடத்துல நிக்கிறது. நின்னாளா இல்லியா?"

"பந்து வரலியே!"

"அது பிலோமினா போட்ட லாப்பு. அதுக்கு இவ என்ன பண்ணுவா?"

"ஏம்ப்பா தட்சிணா, நீ ஆலங்கரைக்காரனா, கீழச்செறுவைக்காரனா? அவ மட்டும் அங்க நிக்காம இருந்தா கோப்பை எப்பவோ நம்ம அலமாரிக்கு வந்திருக்கும்டா. நமக்கு வரவேண்டிய கோப்பைய மறிச்சுக்கிட்டு நிக்கிறவளுக்கு நாமளே மாலை போடணுமாக்கும்!"

இந்தப் பேச்சு சலூனில் ஆரம்பித்து ரேஷன் வரிசையில் தொடர்ந்து, சாவு வீட்டுப் பந்தலில் குரலடக்கிப் பேசப்பட்டு, சுடுகாட்டுக்குப் போகும் வழியில் குரலடக்காமல் பேசப்பட்டது, ஒருமுறை இரண்டு சம்பந்தி வீட்டாரும் எதிரெதிர் கட்சியாகிவிட்டதில் ஒரு நிச்சயதார்த்தமே ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. பையன்கள் ஸ்மாஷ் அடித்தவர்களுக்கே படம் என்றார்கள், மூட்டுவலிக்காரர்கள் நிற்பதுதான் கஷ்டம் என்றார்கள். நான் விடவில்லை. என்னிடம் வேறு என்ன நல்ல குணம் இருக்கிறதோ இல்லையோ, பிடித்தால் விடாத குணம் உண்டு. வருடாவருடம் ஐந்தாயிற்று, ஒன்பதாயிற்று, பதினாலாயிற்று, ஒரு வருடம் ஒன்று குறைந்து பிறகு பதினெட்டாயிற்று. ஒன்பதாவது வருடம் பத்தொன்பதில் நின்றது.

எனக்கு ஏன் இவ்வளவு வெறி என்று கேட்பார்கள். ஒருநாள் ஆட்ட நேரம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மங்கை சொன்னாள்: "வீட்டுக்காரரு நேத்து கேட்டாருண்ணே. இத்தனை வருஷம் நின்னு என்னத்தக் கண்டேன்னு. கோவமாக் கேட்டா பதில் சொல்லிடலாம், நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தச் சொவத்துல படம் மாட்டினா நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லுவானேன்" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தப் பெண்ணுக்கு அந்தப் பதிலை நான் வாங்கிக் கொடுப்பது என்று.

பத்தாவது வருடம் வந்தது, கடைசி வருடம். கார்த்திகை பிறந்ததிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். படுக்கையில் கிடந்த உறுப்பினரை நாற்காலியோடு தூக்கி வர ஆள் ஏற்பாடு செய்தேன். அப்படியும் போகிக்கு முதல் நாள் விரல்விட்டு எண்ணிப்பார்த்தால் பத்தொன்பதுக்கு மேல் ஒன்று ஏறவில்லை. அன்று மதியம் கலியமூர்த்தி தபால் ஆபீசுக்கு வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"தட்சிணா, இந்த வருசம் நான் மஞ்சள் போடறேன். என்கூட ஆறு பேரும் போடறாங்க."

"ஏன்டா?"

"மனுசன் மாறக்கூடாதா?"

நான் கவுண்டரைச் சுற்றி ஓடி அவனைக் கட்டிக்கொண்டேன். பத்து வருடம் என்னை எதிர்த்தவன் ஒரே மதியத்தில் ஏன் மாறினான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

காணும் பொங்கலன்று பானையைக் கவிழ்த்தபோது இருபத்தாறு மஞ்சள். நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். சரவெடி கொளுத்தினார்கள். கீழச்செறுவைக்குப் போன் போயிற்று, மங்கை வழக்கமான பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னால் வந்தாள், கையில் மட்டையும் இருந்தது. ஏற்கெனவே தேர்வானவர் ஒருவர்தான் புதுப் படத்தை மாட்டவேண்டும் என்பது வழக்கம், அதற்காகத் திருச்சியிலிருந்து பிலோமினாவை வரவழைத்திருந்தோம். பட்டுப்புடவை, நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. இரண்டு பேரும் முப்பது வருடத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"நல்லாருக்கியா பிலோ?"

"இருக்கேன்டி. நீ அப்படியே இருக்கே."

மங்கையின் படம் மேஜைமேல் இருந்தது. மட்டையோடு அண்ணாந்து நிற்கும் படம், நான் எடுத்தது. மங்கை அதைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியில் இருந்த விரல் அடையாளத்தை முந்தானையால் துடைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போது கலியமூர்த்தி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினான். தேர்வானவர் எல்லாரும் கையெழுத்திடும் தாள்தான் அது, பதினாலு வருடமாக அதை யாரும் படித்ததில்லை, கையெழுத்தைப் போட்டுவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுவார்கள். மங்கை அங்கன்வாடிக்காரி, எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவள். சத்தமாகவே படித்தாள்:

"நான் இன்றைய தேதியிலிருந்து ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றும், நான் ஆடிக்கொண்டிருக்கும் எல்லா ஆட்டங்களிலிருந்தும் விலகுகிறேன் என்றும் உறுதி கூறுகிறேன்."

ஹாலில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிற்று. ஓய்வு பெறாதவர் படத்தை மாட்டக்கூடாது. கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து அவள் கோட்டுக்குள் நிற்க முடியாது. அவள் இடம் காலியானால், மாற்று ஆட்டக்காரியும் இல்லாவிட்டால், கீழச்செறுவை ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். கோப்பை எங்களுக்கு. கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை வருசமா காத்திருக்கோம் தட்சிணா" என்றான் மெதுவாக. "படமும் அவளுக்குக் கெடைக்குது, கோப்பையும் நமக்குக் கெடைக்குது. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவனை அடிக்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் செய்தது அதைவிடக் கேவலம். பத்து வருட உழைப்பு கண் முன்னால் போகிறதே என்ற தவிப்பில், "மங்கை, போட்டுடும்மா. இன்னிக்கு விட்டா இனிமே எப்பவுமே இல்ல. வீட்டுல கேட்டாங்கன்னியே, இதுதான் பதில்" என்றேன். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

மங்கை என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்கண்ணே. ஆனா ரேலி நடக்குதே. நடக்கையில விலகிட்டேன்னு எப்படி எழுதறது?"

"நீ போடலேன்னா பேரு போயிடும்மா" என்றான் கலியமூர்த்தி. "விதி அப்படி."

"போவட்டும்ங்க. நாலரை ஆவப்போவுது." அவள் மட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு படிகூட வேகமாகவும் இறங்கவில்லை, மெதுவாகவும் இறங்கவில்லை.

பிலோமினா அந்தத் தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு, "இதுலதான் நானும் கையெழுத்துப் போட்டேனா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"ரேலி உயிரோட இருக்கா?"

"இருக்கு. அந்தோணிசாமி சார் விசில் ஊதல."

"லாப் போட்டது நான். அது விழறதுக்குள்ள வெலகிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்கு மாலை வேற போட்டுக்கிட்டேன்." அவள் தன் படத்தைப் பார்த்தாள், முதல் வரிசையில் முதல் படம். "அதை எறக்குங்க."

"ஏம்மா, நீ நம்ம ஊருப் பொண்ணும்மா!" என்று கலியமூர்த்தி கத்தினான்.

"அதனாலதான் சொல்றேன். நம்ம பக்கம் ஒரு ஆளும் இல்ல. அவ திருப்பி அடிச்சா எடுக்கறதுக்கு யாரு இருக்கா?"

ஒருவரும் அசையவில்லை. பிலோமினாவே ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, என் கையில் கொடுத்தாள். படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. கழகத்து மட்டைகளில் ஒன்றை எடுத்து நரம்பைத் தட்டிப் பார்த்து, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியிறங்கி மைதானத்துக்கு நடந்தாள். இருபத்தாறு மஞ்சளும் ஆறு கறுப்பும் அவள் பின்னாலேயே போனோம்.

எங்கள் பக்கத்துக் கோட்டுக்குள் முப்பது வருடத்துப் புல் முளைத்திருந்தது, ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆட்டை ஓட்டியது கலியமூர்த்தி. பிலோமினா புல்லைக் காலால் விலக்கித் தான் நின்ற இடத்தைத் தேடினாள், இரண்டடி முன்னால் போய் நின்றாள்.

"அங்க இல்ல பிலோ! பின்னால, இன்னும் ஒரு அடி பின்னால!" கலியமூர்த்தி கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்க அவனுக்கு ஞாபகமில்லை.

எதிர்ப்பக்கத்து இடது மூலையில் மங்கை ஒரு கணம் பார்வையை இறக்கி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"வர்றதுக்கு இவ்வளவு நேரமாடி?"

"பேசாம மேல பாருடி" என்றாள் பிலோமினா.